முப்பது மீட்டருக்குக் கீழே

படத்தில் ஓர் இடத்தில் மட்டும் காற்று இல்லை. அதுதான் முதலில் அவன் கண்ணில் பட்டது.

மதியம் மூன்று பத்து. வெளியே மழைக்காலத்துக் குளிர்காற்று வேலியோர மரங்களைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. சரியாக மூடாத மேல்ஜன்னல் வழியே அறைக்குள்ளும் புகுந்து, சுவர் நெடுகக் கிளிப்பில் தொங்கிய அறிக்கைத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தது. நனைந்த செருப்புகளின் வாசனை, சூடேறிய பிரிண்டரின் வாசனை, யாரோ குடிக்க மறந்து ஆறிப்போன காபியின் வாசனை, இவற்றோடு மூன்று நொடிக்கு ஒருமுறை முற்றத்திலிருந்து வரும் அந்தக் க்ரீச் சத்தமும் சேர்ந்ததுதான் அந்த வானிலை அலுவலகத்தின் மதியம். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தச் சத்தம் இரண்டே நாளில் தலைவலி கொடுக்கும். மூன்றாவது நாள் காதில் விழாமலே போய்விடும்.

கத்துவது முற்றத்தில் வேலிக்குள் நிற்கும் ஒரு வெள்ளைத் தொட்டி. அலுவலகத்தில் அதற்குச் சில்வண்டு என்று பெயர். வானத்தைப் பார்த்து ஒரு கத்து கத்தும். பிறகு வாயை மூடிக்கொண்டு, மேலிருந்து திரும்பி வரும் எதிரொலிக்குக் காது கொடுக்கும். எந்த உயரத்தில் எவ்வளவு காற்று, எந்தப் பக்கமிருந்து என்பதை அந்த எதிரொலியை வைத்தே கணக்குப் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு வரிசையாகத் திரையில் அம்புகளை அடுக்கும். அடியில் முப்பது மீட்டர், உச்சியில் ஐந்நூறு. அம்பின் வால் காற்று வரும் பக்கம் நீண்டிருக்கும். காற்று வலுக்க வலுக்க வாலில் இறகு கூடும். இரண்டு இறகு என்றால் குடை மடங்கும், நாலு இறகு என்றால் கிரேன் மடங்கும் என்று அங்கே ஒரு பழைய ஜோக் உண்டு. கொஞ்ச நாளாக அந்த ஜோக்கை யாரும் சொல்வதில்லை.

காற்றே இல்லையென்றால் அம்பு இருக்காது. சின்னதாக ஒரு வட்டம் மட்டும் இருக்கும்.

அப்படி ஒரு வட்டம்தான் எழுபது மீட்டர் கோட்டில் உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலும் கீழும் இரண்டு இரண்டு இறகோடு அம்புகள் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன.

“அக்கா, எழுபதுல ஒரு வட்டம் விழுந்திருக்கு பாருங்க.”

பக்கத்து மேஜையிலிருந்த பதிவு அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். இருபத்திரண்டு வருடமாகக் காற்றையும் மழையையும் பதிவேட்டில் ஏற்றுகிறவர். வயதில் மூத்தவர், பதவியில் இளையவர். அதனால் அவன் அவரை அக்கா என்பான், அவர் அவனை சார் என்பார்.

“மேலயும் கீழயும் இந்த அடி அடிக்குது, நடுவுல மட்டும் எப்படி சார் ஓஞ்சு கெடக்கும்? பறவை ஏதாவது குறுக்க போயிருக்கும். இல்லன்னா நம்ம வண்டுக்கு ஜலதோஷம்.”

தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிப்பது அவர் வழக்கம். அன்று சிரிக்கவில்லை. உயரத்தைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார், கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு தன் பதிவேட்டுக்குத் திரும்பிவிட்டார்.

எழுபது மீட்டர். மூன்று பத்து. இரண்டும் அந்த அறையில் யாருக்கும் மறக்கிற கணக்கு இல்லை.

*

ஆற்றுக்கு அக்கரையில் உயரமான கட்டடம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. அங்கே இருந்த கிரேனின் கேபின் தரையிலிருந்து எழுபது மீட்டர். அதை ஓட்டியவர் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்குப் பிறகு, மறுபடி மேலே ஏறுவதற்கு முன், சைட் ஆபீஸ் போனிலிருந்து வானிலை அலுவலகத்தைக் கூப்பிடுவார். குரலில் எப்போதும் ஒரு சின்னக் கூச்சம். “தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார். ஏறலாமா?” அவ்வளவுதான். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஒருமுறை மட்டும், எப்படி ஏறுவீர்கள் என்று இவன் கேட்டதற்கு, லிஃப்ட் எல்லாம் கிடையாது, கம்பத்துக்கு உள்ளேயே ஏணி, பத்து மீட்டருக்கு ஒரு தட்டு இருக்கும், ஒவ்வொரு தட்டாக ஏறணும், ஒவ்வொரு தட்டாக இறங்கணும் என்று விளக்கினார். சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமை இவனுக்கும் உண்டு. அலுவலகத்தில் இவன் பெயரே ‘ஒரு பார்வை’. மற்றவர்கள் படத்தை வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவிப் படிப்பார்கள். இவன் ஒரு பார்வை பார்ப்பான், காற்று என்ன செய்யப்போகிறது என்று சொல்லிவிடுவான். பதினோரு வருடம் பழைய ஊரில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். மாற்றலாகி இங்கே வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

பழைய ஊரில் படத்தில் நேரம் இடமிருந்து வலமாக ஓடும். இந்த ஊரில் வலமிருந்து இடமாக. காற்று மேற்கிலிருந்து வருகிறது, அதனால் புதியது இடப்பக்கம் வரட்டும் என்று யாரோ ஒரு காலத்தில் வைத்த வழக்கம். வந்த முதல் நாளே அக்கா இதைச் சொன்னார். இவனும் தலையாட்டினான். தலைக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை.

வட்டம் விழுவதற்குச் சில வாரம் முன்பு ஒரு நாள், இரண்டரை மணிக்கு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஒரு பார்வை பார்த்தான். நாலு இறகு அம்புகள் படத்தின் இடப்பக்கம் நூறு மீட்டரிலும் வலப்பக்கம் முந்நூறு மீட்டரிலும் நின்றன. இடமிருந்து வலமாகப் படித்தால், பலத்த காற்று தரையை விட்டு மேலேறிப் போகிறது. பயமே இல்லை.

“காத்து மேல ஏறிப் போயிட்டிருக்கு. சாயங்காலம் வரைக்கும் கீழ வராது. நீங்க தாராளமா ஏறுங்க.”

“ரொம்ப நன்றி சார்.”

காற்று இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரமாகப் படிப்படியாக, பிசகாமல், முந்நூறிலிருந்து நூறுக்கு வந்திருந்தது. மூன்று பத்துக்கு எழுபதைத் தொட்டது. இந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தக் கிரேனின் மேல்பாதி தெரியும். தெரிந்தது. பிறகு தெரியவில்லை. கீழே நின்ற இரண்டு பேருக்குக் கால் போனது. மேலே இருந்தவர் முழுதாகப் போனார்.

அந்தச் சத்தம் ஆற்றைத் தாண்டி வந்து சேர்வதற்குள் இவன் படத்தைச் சரியாகப் படித்துவிட்டான். அதைத்தான் இவனால் மன்னிக்க முடியவில்லை. அத்தனை சுலபமாக இருந்தது. அடியில் நேரம் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு குழந்தைகூடப் படித்திருக்கும்.

அதற்குப் பிறகு செய்தது வெறும் தவறு இல்லை, பாவம். தொலைபேசிக் குறிப்பேட்டை இழுத்து, அதே பேனாவால், தன் அழகான கையெழுத்தில் எழுதினான்: ‘சைட் ஆபீஸ். மழை வருமா என்று கேட்டார்கள். வராது என்று சொல்லப்பட்டது.’ விசாரணைக்கு வந்தவர்கள் சில்வண்டின் படத்தையும் குறிப்பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். படம் அவ்வளவு தெளிவாக இருந்தது. காற்று இறங்குவதை அப்பட்டமாகக் காட்டியது. இதைப் பார்த்தால் எவனாவது ஏறச் சொல்வானா? அப்படியென்றால் அவர் கேட்கவே இல்லை. கேட்காமல், திமிராக, ஏறிவிட்டார். மூன்று பேர் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டார்.

விசாரணைக்கு முந்தின நாள் பதிவு அக்கா, இவன் எதுவும் கேட்காமலே, குனிந்த தலையோடு சொன்னார்: “நான் அன்னைக்குக் காதுல ஹெட்போன் மாட்டியிருந்தேன் சார். என் காதுல எதுவும் விழல.”

மாட்டியிருக்கவில்லை. இருவருக்கும் தெரியும். அவர் தந்த அந்தப் பிச்சையை வாங்கிக்கொண்ட நிமிடத்திலிருந்து இவனால் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

வட்டம் விழுந்த திங்கட்கிழமை காலையில்தான் கடிதமும் வந்திருந்தது. அடுத்த வாரம் புதன், மாலை நாலு மணிக்கு விசாரணை அதிகாரி நேரில் வருவார். வாக்குமூலத்தில் கடைசிக் கையெழுத்து. அதோடு கோப்பு மூடப்படும். அதுவரைக்கும் எதையாவது திருத்த வேண்டுமென்றால் திருத்தலாம்.

*

செவ்வாய்க்கிழமை மூன்று பத்துக்கு வட்டம் அறுபதில் இருந்தது.

புதன்கிழமை ஐம்பதில்.

இயந்திரக் கோளாறு என்றால் ஒரே இடத்தில் கோளாறாக இருக்க வேண்டும். இவன் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தான், துடைத்தான், அணைத்துப் போட்டான். அது பாட்டுக்குக் கத்தியது. தொட்டியின் மேல் குனிந்தபோது, உள்ளேயிருந்து வந்த ஈரவாடையோடு இன்னொரு வாசனையும் மூக்கில் ஏறியது. கிரீஸ் வாசனை. கையில் அப்பிக்கொண்டால் மூன்று நாள் சோப்பு போட்டாலும் போகாத, கனத்த, கறுப்பான வாசனை. சில்வண்டில் கிரீஸ் போடுகிற இடமே கிடையாது. விரல்களை முகர்ந்து பார்த்தான். சுத்தமாக இருந்தன.

வியாழக்கிழமை வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“காய்ச்சல் ஒன்னும் இல்லையே. என்னங்க, அந்தக் கிரேன் விஷயமா? நீங்க என்ன பண்ணுவீங்க, அந்த ஆளு கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க. கேக்காம ஏறினவருக்காக நீங்க ஏன் சாப்பிடாம கெடக்கறீங்க?”

அவளிடமும் அதையேதான் சொல்லியிருந்தான். பொய்யை ஒருமுறை எழுதினால் போதும் என்று நினைத்திருந்தான். அது வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, தன் மகள் காதிலும் விழும் என்று தெரியாது. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் தண்ணீர் எடுத்து வரப் போனாள். வந்த வார்த்தை அப்படியே உள்ளே போய்விட்டது.

மூன்றரைக்கு அக்காவின் போன். “சார், எப்படி இருக்கு உடம்பு?” பிறகு சொன்னார், “இன்னைக்கு வட்டம் வரல சார். நானும் பார்த்துட்டே இருந்தேன். வரவே இல்ல.”

அப்பாடா என்று படுத்தான். நல்ல தூக்கம்.

வெள்ளிக்கிழமை போனான். மூன்று பத்து. நாற்பதில் இருந்தது.

அப்போதுதான் கணக்கு புரிந்தது. பத்து, பத்து. ஒவ்வொரு தட்டாக. இவன் இல்லாத நாளில் அது இறங்கவில்லை. ஐம்பதிலேயே நின்று, இவன் வரட்டும் என்று காத்திருந்தது.

*

சனிக்கிழமை முப்பது.

அத்தோடு படம் முடிந்தது. முப்பது மீட்டருக்குக் கீழே சில்வண்டுக்குக் காது கேட்காது. தன் கத்தலே தன் காதை அடைத்துவிடும். படத்தின் அடியில் வெள்ளையாக ஒரு பட்டை மட்டும் இருக்கும். அங்கே காற்று இருக்கிறதா, இல்லையா, யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை திரையில் ஒன்றும் இல்லை. எல்லா உயரத்திலும் அம்புகள் ஒழுங்காக நின்றன. அக்கா பெருமூச்சு விட்டு, “சரியாயிடுச்சு சார், ஜலதோஷம் போயிடுச்சு” என்றார். இவன் அந்த வெள்ளைப் பட்டையையே பார்த்தான். கணக்கு இவனுக்குத் தெரியும். இன்றைக்கு இருபது.

சரியாக மூன்று பத்துக்கு, சில்வண்டு கத்தி ஓய்ந்த அந்த இடைவெளியில், ஒரு சத்தம் கேட்டது. டங். முற்றத்தில் இரும்பு எதுவும் இல்லை. ஆனாலும் இரும்பின் மேல் கனத்த காலணி படுகிற சத்தம். க்ரீச். டங். க்ரீச். டங். தொட்டிக்கு நேர் மேலே, ஆறு மாடி உயரத்தில், ஒன்றுமே இல்லாத வெட்டவெளியிலிருந்து.

“அக்கா, சத்தம் ஏதாவது...”

“என் காதுல எதுவும் விழல சார்.” அவர் நிமிரவே இல்லை. “அன்னைக்கும் விழல. இன்னைக்கும் விழல. என்னை விட்டுடுங்க.”

செவ்வாய்க்கிழமை பத்து. ஜன்னல் பக்கமே போகாமல் உட்கார்ந்திருந்தான். தாகம். தண்ணீர் குடித்தான். தாகம் போகவில்லை. மூன்று பத்துக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கிரீஸ் வாசனை மட்டும் மேல்ஜன்னல் வழியே வந்து, அறையில் ஒரு சுற்றுச் சுற்றி, இவன் மேஜைக்குப் பக்கத்தில் நின்றது. போகவில்லை. ஆறு மணிக்குச் சட்டையைக் கழற்றி முகர்ந்தபோதும் அதில் இருந்தது.

*

புதன்கிழமை காலை தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதே முடிவு செய்துவிட்டான். சொல்லிவிடுவது. நாலு மணிக்கு அதிகாரி வந்ததும் முதல் வார்த்தையாக. வேலை போகட்டும். மனைவி என்ன நினைப்பாளோ நினைக்கட்டும். முடிவு செய்ததும் உடம்பு இலேசாகிவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தில் காற்றை வாங்கிக்கொண்டு போனான். பல நாளைக்குப் பிறகு காற்று வெறும் காற்றாக இருந்தது.

ஆனால் நாலு மணிக்கு முன்னால் மூன்று மணி வரும். மூன்றடித்துக் கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டிவிட்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நனைந்த சால்வையைத் தோளிலிருந்து எடுத்து, தரை ஈரமாகிவிடுமே என்று கையிலேயே சுருட்டி வைத்துக்கொண்டாள். குரலில் அதே கூச்சம்.

“தொந்தரவுக்கு மன்னிக்கணும். நான் கிரேன்காரர் வீட்டுலேர்ந்து வர்றேன்.”

அக்கா சட்டென்று எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை.

“அந்தப் போன் எடுக்கிற சார்...”

“நான்தான்மா.”

அவள் இவனை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. பழகினவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“உங்களைப் பத்திச் சொல்லிட்டே இருப்பார் சார். அந்த சார் ஏறலாம்னு சொன்னா கண்ணை மூடிட்டு ஏறலாம்னு.” சால்வையை இன்னொரு சுற்றுச் சுருட்டினாள். “பையன் ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கறான். திமிர் புடிச்சு ஏறினவர் புள்ளைன்னு கூடப் படிக்கிறதுங்க சொல்லுதாம். அப்பா அப்படி ஏறுவாராம்மான்னு என்னைக் கேக்கறான். அதான் வந்தேன். அன்னைக்கு அவர் உங்ககிட்ட ஏறலாமான்னு கேட்டாரா சார்? அது ஒன்னுதான் எனக்குத் தெரியணும். வேற எதுக்கும் நான் வரல.”

காலையில் எடுத்த முடிவு அப்படியே நெஞ்சுக்குள் இருந்தது. அதிகாரி என்றால் சொல்லியிருப்பான். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டை, ஒரு கோப்பு, ஒரு பேனா. அதற்குச் சொல்லலாம். இந்த முகத்துக்கு எப்படிச் சொல்வது? ‘கேட்டார்மா, நான்தான் ஏறச் சொன்னேன்’ என்று சொன்னால் அடுத்த நொடி இந்த முகம் என்ன ஆகும்? அதைப் பார்க்க இவனுக்குத் தெம்பு இல்லை. நாலு மணிக்குச் சொல்லிக்கொள்ளலாம். பிறகு தானாக இவளுக்கும் தெரிந்துவிடும். இப்போது மட்டும். இந்த ஒரு தடவை மட்டும்.

“மழை வருமான்னுதான் கேட்டாங்கம்மா,” என்றான். “காத்தைப் பத்தி எதுவும் கேக்கல.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தப் பெண் தலையை மெதுவாக ஆட்டினாள். அழவில்லை. நெடுநாளாகத் தூக்கிக்கொண்டு அலைந்த ஒன்றைத் தரையில் வைத்துவிட்டவள் மாதிரி நின்றாள்.

“அப்போ அவர் மேலதான் தப்பு. சரிங்க சார். பையன்கிட்ட அப்படியே சொல்லிடறேன்.”

“இரும்மா, மழை தூறுது,” என்று அக்கா குடையை எடுத்துக்கொண்டார். “வாசல் வரைக்கும் நானும் வர்றேன்.” இவனைத் திரும்பிப் பார்க்காமலே வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.

மணி மூன்று ஒன்பது.

*

முதலில் கதவுக்குப் பக்கத்துத் தாள் நின்றது.

காற்று அறைக்குள் வந்துகொண்டுதான் இருந்தது. மேல்ஜன்னல் கடகடவென்று ஆடியது. சுவரில் இருபது தாள்களும் படபடத்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்று மட்டும், கதவை ஒட்டித் தொங்கியது, கையால் பிடித்து நிறுத்தியது போல அசைவற்றுப் போனது. இரு பக்கமும் இருந்தவை ஆடின. இது ஆடவில்லை.

பிறகு அடுத்த தாள். முதல் தாள் மறுபடி ஆடத் தொடங்கியது.

பிறகு அதற்கடுத்தது.

நடக்கிறது என்று புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவசரமே இல்லாமல், சுவரோரமாக, ஓர் ஆள் நடக்கிற வேகத்தில் அந்த நிச்சலனம் வந்துகொண்டிருந்தது. ஒரு தாள் நிற்கும். ஒரு தாள் ஆடும். அக்காவின் மேஜைக்கு வந்தது. திறந்து கிடந்த பதிவேட்டின் பக்கங்கள் புரண்டுகொண்டிருந்தவை, பாதியில், அந்தரத்தில் நின்றன. ஒரு பக்கம் விழவும் இல்லை, எழவும் இல்லை.

கிரீஸ் வாசனை. ஈரத்துணி வாசனை. அதற்கு அடியில், பழைய ரத்தத்தின் இரும்பு வாசனை.

அவன் பின்வாங்கினான். நாற்காலி சாய்ந்தது. விழுந்த சத்தம் வரவில்லை. சில்வண்டின் கத்தல் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல மங்கியது. பிறகு அதுவும் இல்லை.

ஜன்னல் வரைக்கும் பின்வாங்கிவிட்டான். முதுகில் குளிர்ந்த கண்ணாடி. திரும்பினான். முற்றத்தைத் தாண்டி வாசல் கேட் பக்கம் ஒரே குடைக்குள் இரண்டு பெண்களும் போய்க்கொண்டிருந்தார்கள். காற்று குடையை இழுத்தது. அந்தப் பெண்ணின் சால்வை பின்னால் பறந்தது. இன்னும் இருபது அடி. கேட்டைத் தாண்டினால் பஸ். பஸ்ஸில் ஏறினால் வீடு. வீட்டில் ஒரு பையன் காத்திருக்கிறான்.

அப்போது அந்த வார்த்தை வந்தது. பயத்தினால் இல்லை, அல்லது பயத்தினால் மட்டும் இல்லை. கேட்டார்மா. அவர் கேட்டார். ஒவ்வொரு நாளும் கேட்டார், அன்றைக்கும் கேட்டார், என்னை நம்பி ஏறினார். ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொல்லிவிட வேண்டும். இப்போதே. இந்த நொடியே. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் கொக்கியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. கண்ணாடியில் கையால் அடித்தான். சத்தம் இல்லை. வாயைத் திறந்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினான்.

ஒன்றும் வெளியே வரவில்லை.

நெஞ்சு தூக்கிப் போட்டது. தொண்டை நரம்பு புடைத்தது. வாய் அந்த வார்த்தையின் வடிவத்தில் திறந்து மூடியது. ஊதுவதற்குக் காற்று இல்லை. உள்ளே இழுக்கவும் காற்று இல்லை. அவனைச் சுற்றி, கை நீட்டும் தூரத்துக்கு, காற்றே இல்லை.

வட்டம்.

கேட்டருகே அக்கா நின்றார். திரும்பப் போகிறாரா? குடையை மட்டும் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். அவள் கேட்டைத் திறந்தாள்.

அவன் நெற்றியைக் கண்ணாடியில் முட்டினான். வாய் அகலத் திறந்திருந்தது. கண்ணாடிக்கும் அதற்கும் இரண்டு விரற்கடைதான். குளிர்ந்த கண்ணாடி அங்கே பளிச்சென்று தெளிவாக இருந்தது. அவன் வாய்க்கு நேரே ஒரு துளி ஈரம் படியவில்லை.

பக்கத்தில் படிந்தது. ஒரு சாண் தள்ளி, அவன் இடது காது உயரத்தில், கண்ணாடி வெள்ளையாக மங்கியது. சுருங்கியது. மறுபடி மங்கியது. நெடுந்தூரம் இறங்கி வந்தவரின் மூச்சு மாதிரி முதலில் வேகவேகமாக, பிறகு மெதுவாக, பிறகு இன்னும் மெதுவாக, நிதானமாக.